தேதியை இன்னொரு முறை தள்ளாதீர்கள்: மாவோபோல்ஸ்கா மண்டலப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரவை உறுப்பினர்களே,

போலந்தின் தெற்கே மலைப்பக்கம் இருக்கும் நோவி தார்க்கிலிருந்து, வீட்டைச் சூடாக்கும் பழைய கொதிகலன்களை அகற்ற நீங்கள் வைத்த கெடுவைப் பற்றி எழுதுகிறேன். இதையே போலிஷிலும் உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதக் காரணம், கிராக்கூ நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் மலைப்பக்கம் வீடு தேடும் நம்மவர்களும் படிக்கட்டும் என்பதுதான். கோடையில் வந்து வீடு பார்த்தால் இந்த ஊரில் ஒரு குறையும் தெரியாது. நானும் ஜூலையில்தான் பார்த்தேன்.

ஜூலையில் இங்கே புகை என்றால், ஆடு மேய்ப்பவர்கள் குடிசையில் ஓஸ்ட்சிபெக் பாலாடைக்கட்டிக்குப் போடும் விறகுப் புகை. அதன் வாசனைக்கே பசிக்கும். அக்டோபர் பிறந்துவிட்டால் வேறு புகை. சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினால் கழுத்துத் துணியில் கந்தக நெடி. ஜன்னல் விளிம்பில் விழுந்த பனி, மறுநாள் காலையில் மிளகுப்பொடி தூவிய தயிர் மாதிரி இருக்கும். ஏப்ரல் வரை இதே கதை.

ஊர் இருக்கும் இடமும் அப்படி. வடக்கே கோர்ட்செ மலை, தெற்கே தத்ரா, நடுவில் சட்டிக்குள் ஊர். காற்று அசையாத இரவில் குளிர்காற்று சட்டியின் அடியில் தங்கிவிடும், அதற்குமேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மலையைச் சொல்லி என்ன பயன்? அடுப்பு மூட்டுவது நாம்தானே.

கொப்ச்சூஹ் என்று இங்கே சொல்லும் அந்தப் பழைய கொதிகலனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆட்களுக்காகச் சொல்கிறேன். நிலக்கரி, ஈர விறகு, எதைப் போட்டாலும் தின்னும். விடியும்வரை தணல் நிற்கட்டும் என்று படுக்கப்போகும் முன் காற்றுத் துவாரத்தை ஏறக்குறைய அடைத்துவிடுவார்கள். அப்புறம் அது எரிவதில்லை, ராத்திரி முழுக்கக் கருகிக் கருகிப் புகையும். ஆலைப் புகை உயரத்தில் போகும். இது கூரை உயரத்தில் கிளம்பித் தெருவிலேயே இறங்கிவிடும். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வைத்த இலக்கு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 1 நானோகிராம். எங்கள் ஊர் வருடக்கணக்கில் அதைப் பல மடங்கு தாண்டியே வந்திருக்கிறது.

இதற்கெல்லாம் 2017 ஜனவரியிலேயே நீங்கள் தீர்மானம் போட்டீர்கள். எவ்வளவு சுத்தமாக எரிகிறது என்று பார்த்துக் கொதிகலன்களை வகுப்பு பிரிப்பார்கள். எந்த வகுப்பிலும் சேராதவற்றை மாற்ற 2022 கடைசிவரை கெடு. நல்ல தீர்மானம், ஆறு வருட அவகாசம். அப்புறம் உக்ரைனில் போர் வந்தது, ரஷ்ய நிலக்கரி நின்றது, விலை ஏறியது. 2022 செப்டம்பரில் அன்றைய ஆளுங்கட்சித் தலைவர் கச்சின்ஸ்கி எங்கள் ஊருக்கே வந்து, டயர் மாதிரியானவை தவிர எல்லாவற்றையும் எரிக்க வேண்டியதுதான் என்கிற தோரணையில் பேசிவிட்டுப் போனார். அதே மாதம் நீங்களும் கெடுவை 2024 ஏப்ரல் கடைசிக்குத் தள்ளினீர்கள்.

அந்தக் குளிரில் ஏழைகளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள், சரி. ஆனால் விளைவைப் பாருங்கள். கடன் வாங்கி முன்கூட்டியே கொதிகலனை மாற்றியவர் ஏமாளி ஆனார், சும்மா இருந்தவர் கெட்டிக்காரர் ஆனார். கிராக்கூவுக்கும் இதே பேரவைதான் 2016இல் தடை போட்டது. நகராட்சி பணம் கொடுத்து அடுப்புகளை மாற்றியது. சொன்னபடி 2019 செப்டம்பர் 1 முதல் அங்கே நிலக்கரியும் இல்லை, விறகும் இல்லை. தேதி அசையவில்லை. இப்போது கிராக்கூக்காரர்கள் சுற்றியுள்ள ஊர்களைத் தங்கள் வளைய ரொட்டியின் பெயரால் ‘ஒப்வஜானெக்’ என்று சொல்லி, அங்கிருந்து வரும் புகையைப் பற்றிப் புலம்புகிறார்கள். வளையத்துக்கு வெளியே இருக்கும் எங்களை யார் நினைக்கிறார்கள்!

2026 கடைசியோடு 3, 4ஆம் வகுப்புக் கொதிகலன்களுக்கும் கெடு முடிகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: அதைத் தொடாதீர்கள். பணமில்லாதவருக்குத் தேதியைத் தள்ளுவது உதவி ஆகாது. மானியப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். கொதிகலன் மாற்றத் தரும் ‘தூய காற்று’ மானியத்துக்குப் புது விண்ணப்பம் வாங்குவதை 2024 நவம்பரில் நிறுத்தி, 2025 மார்ச் 31இல்தான் திரும்பத் திறந்தார்கள். அது வார்சாவில் இருக்கும் மத்திய அரசின் வேலை, உங்களுடையதில்லை, தெரியும். ஆனால் ஊராட்சிகளில் சூழல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களை மேசையிலிருந்து எழுப்பித் தெருவுக்கு அனுப்புவது உங்களால் முடியும்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வைத்திருப்பது 4ஆம் வகுப்புக் கொதிகலன். போன வாரம் சாம்பல் வாளியோடு வேலியோரம் நின்று என்னிடம் கேட்டார்: “இந்தத் தேதியையும் மாற்றிவிடுவார்கள்தானே? காத்திருக்கலாமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நோவி தார்க்கில் குடியிருக்கும் ஒரு தமிழர்