அக்குமாலையும் முகப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் சென்ற வாரம் வெளியான உருத்திராக்கம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒருமுகம் முதல் பதினான்குமுகம் வரை (மணியின் மேல் ஓடும் கோடுகளின் எண்ணிக்கையே முகம்) எந்த மணியை அணிந்தால் என்ன பலன் கிட்டும் என்று அரைப் பக்கத்துக்குப் பட்டியலிட்ட கட்டுரையாளர், அம்மணிகளைக் கோத்த மாலையைக் கையில் எடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முகங்களின் பலனை உருத்திராட்ச ஜாபால உபநிடதமும் பேசுகிறது என்பதால் அவர் இல்லாததைச் சொல்லிவிட்டார் என்று நான் குறைகூற வரவில்லை. ஆனால் பாதியைச் சொல்லி, முதன்மையான பாதியை விட்டுவிட்டார்.

திருஞானசம்பந்தர் தம் திருமணத்தன்று நல்லூர்ப் பெருமணத்தில், அதாவது இன்றைய ஆச்சாள்புரத்தில் பாடியதாகச் சேக்கிழார் கூறும் நமச்சிவாயத் திருப்பதிகத்தின் மூன்றாம் பாட்டு, "நெக்குள் ஆர்வம் மிகப்பெருகி நினைந்து, அக்கு மாலைகொடு அங்கையில் எண்ணுவார்" என்று தொடங்குகிறது. அக்கு என்பது உருத்திராக்க மணி. 7-ஆம் நூற்றாண்டிலேயே மாலை கொண்டு எண்ணும் வழக்கம் இங்கு இருந்ததற்கு இது சான்று என்பது ஒருபுறம் இருக்க, சொற்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் உள்ளம் நெகிழ்கிறது, ஆர்வம் பெருகுகிறது, நினைவு நிலைக்கிறது. அதன் பிறகே மாலை கைக்கு வருகிறது. மணிக்கு எத்தனை முகம் என்று சம்பந்தர் கேட்கவில்லை.

மந்திரத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே எத்தனை முறை என்பதையும் மனத்துக்குள்ளேயே எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிறிது நேரத்தில் மந்திரம் நழுவி எண்ணிக்கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேலையை விரலிடம் ஒப்படைக்கவே மாலை. சுட்டுவிரல் படாமல், நடுவிரலின் மேல் கிடக்கும் மணிகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிவர, 108 முடியும் இடத்தில் நாயகமணி தட்டுப்படும். மேரு என்றும் அதைச் சொல்வர். அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிப் பிடித்து, வந்த வழியே மீண்டும் தொடங்குவது மரபு என்பதால், கண் மூடியிருந்தாலும் ஒரு சுற்று முடிந்தது விரலுக்குத் தெரிந்துவிடும். 27 நட்சத்திரங்களின் நான்கு பாதங்களே 108 என்பார்கள். நூறு செபத்துக்கு, இடையில் கவனம் தவறியவற்றுக்கு ஈடாக எட்டு என்றும் சொல்வதுண்டு. மனம் தவறும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் இந்த இரண்டாவது கணக்கே எனக்குப் பிடித்தது. வைணவர்களின் துளசிமணிக்கும், அம்பிகையை வழிபடுவோரின் படிகமணிக்கும் வேலை இதுதான்.

என் தாயாரிடம் இருந்தது 54 மணி மாலை, எல்லாமே ஐந்துமுகம். விடியுமுன் கூடத்துத் தூணில் சாய்ந்து, மாலை பிறர் கண்ணில் படாதபடி முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு செபிப்பார். உதடு அசையாது, முந்தானை மட்டும் இலேசாக அசையும். அவர் மறைந்து சில ஆண்டுகளில் நூல் மக்கி அறுந்தபோது, மீண்டும் கோக்க உட்கார்ந்தேன். மணிகளின் கரடெல்லாம் தேய்ந்து, புளியங்கொட்டைபோல் வழவழவென்று இருந்தன. விரல் தாண்டாத நாயகமணி மட்டும் புதிதுபோல முள்ளும் மேடுமாக இருந்தது.

முகம் என்பதும் மாயம் அன்று. உருத்திராக்க மரத்தின் நீலநிறப் பழத்திலிருந்து சதையை நீக்கினால் கிடைக்கும் கொட்டையில் எத்தனை விதையறையோ அத்தனை கோடு. ஐந்தறைக் கொட்டைகளே மிகுதியாக விளைவதால் ஐந்துமுகம் மலிவாகக் கிடைக்கிறது. மற்றவற்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை ஏறியதும், கோடு கீறுவோரும் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவோரும் புறப்பட்டுவிட்டனர். என் மருமகன் ஒரு பொருட்காட்சியில் சான்றிதழோடு வாங்கிவந்த பதினான்குமுக மணியை இரவில் வெந்நீரில் போட்டு வைத்தோம்; காலையில் பசை விட்டு இரண்டாகக் கிடந்தது. தண்ணீரில் மூழ்கினால் அசல் என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த மணியும் நன்றாகத்தான் மூழ்கியது.

பட்டியலை நம்பிப் பணத்தோடு கடைக்குக் கிளம்பியிருக்கும் வாசகர்களுக்காக, வரும் இணைப்பில் மாலை கொண்டு செபிக்கும் முறையை அதே அளவு இடத்தில் வெளியிடுமாறும், எண்ணுவதற்கு ஐந்துமுக மணியே போதும் என்பதை அதில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சீர்காழி.