பில் அனுப்பாத நானாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளை வாசிகசாலைச் சுவர் ஓவியம் போன ஞாயிறு திறந்தாயிற்று. கவியரங்கும் இரவு பத்தைத் தாண்டி நடந்தது. சுவருக்கு யார் சுண்ணாம்பு அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்பதெல்லாம் ஊரறிந்த கதை, அதை விடுவோம். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கை இன்னும் பெயின்ற் மணக்கிறது.

முதலில் பக்கத்து ஊரான நீராவிப்பிட்டி நானா. அவருடைய கடைக்குப் பிரைமர் வாங்கப் போனோம். "சுண்ணாம்புக்கு மேலயோ பூசப்போறியள்? ஒரு மாரிக்கு நிக்காது, உரிஞ்சு விழும்" என்றார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஏணி, சுரண்டி, ஒரு கட்டு வாட்டர் பேப்பரோடு எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பின்னேரம் வரை சுரண்டினார். தாடியெல்லாம் தூசு. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துப் பார்ப்பார். வெள்ளை ஒட்டினால், "காணாது, இன்னும் தேயுங்கோ." கை சுத்தமாக வந்த பிறகுதான் பிரைமர் வாளியைத் திறக்கவிட்டார்.

தேத்தண்ணி நேரத்தில் பிள்ளைகள் வரையப்போகும் படத்தைக் காட்டினார்கள்: 2009 கடைசிப் போர் இடப்பெயர்வு, உழவு மெசின் பெட்டியில் சட்டிபானை, அதற்கு மேலே அம்மம்மா. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தொண்ணூறில எங்களைப் போகச் சொன்னபோது எனக்குப் பத்து வயசு. அதுக்கும் இதில கொஞ்சம் இடம் இருக்குமோ?"

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியது இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் புதுக்கதை. அகதியாகப் போய் இருந்த புத்தளத்து ஓலைக் கொட்டிலைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். அரங்கில் சனம் இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட கவிதை அதுதான். சுவரின் இடது பக்கம் முழுக்க இப்போது அந்தக் கதை. நல்லிணக்கம் என்றாலே தெற்கைப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டோம். சைக்கிளில் போகிற தூரத்தில் இவ்வளவு பேசக் கிடக்கிறது.

கண்டியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் பஸ்ஸில் வந்து சிங்களத்தில் கவிதை வாசித்த நண்பர்கள், அதை உடனுக்குடன் தமிழில் சொன்ன ரீச்சர், கோவலன் கூத்துப் பாட்டோடு தொடக்கிவைத்த அண்ணாவியார், ஜெனரேற்றர் தந்த தம்பி, சமைத்த அக்காமார், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோவிக்க வேண்டாம்.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் போராட்டத்துக்குக் குந்திய அம்மாக்களில் சிலரும் வந்திருந்தார்கள். வாழ்த்த வரவில்லை. "வடிவாத்தான் கீறியிருக்கிறியள். எங்கட பிள்ளையள் எங்கே எண்டு ஒரு வரி கூட இல்லையே?" என்று கேட்டார்கள். சரியான கேள்வி. அந்த வரி இல்லாமல் இந்தச் சுவர் வெறும் அலங்காரம்தான். வலது ஓரத்தில் இரண்டடி வெறுமையாக இருக்கிறது. அவர்களே வந்து எழுதட்டும், நாங்கள் ஏணி பிடிக்கிறோம்.

அடுத்த கவியரங்கு நீராவிப்பிட்டியில். இது என் வாக்கு. செலவுக்கு எங்கே போவது என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

நானா, பிரைமருக்கும் வாட்டர் பேப்பருக்கும் பில் இன்னும் வரவில்லை. மகனிடம் கேட்டால் "வாப்பாட்ட கேளுங்க" என்கிறார், உங்களிடம் கேட்டால் சிரிக்கிறீர்கள். இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள், கணக்கு முடிக்க வேண்டும்.