‘பொருளற்ற’ என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பகுதியில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கேட்டதையே திருப்பிச் சொல்வது ‘பொருளற்ற கிளிப்பிள்ளைப் பேச்சு, உடனுக்குடன் தடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கிளிக்கூண்டிலேயே குடியிருப்பவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என் மகனுக்குத் தாகம் எடுத்தால் ‘தண்ணி வேணுமா?’ என்பான். தண்ணீர் வருமுன் அவன் காதில் விழுந்த சொற்கள் அவைதாமே. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கினால் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ரயில் நிலைய அறிவிப்பைத் தொடங்கிவிடுவான். உறவினர்கள் சிரிப்பார்கள், ‘இங்கிருந்து கிளம்பலாம்’ என்பது எனக்கு மட்டும் விளங்கும். சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் ‘எங்கே, ஆ காட்டு’ என்று எங்கள் மருத்துவரின் குரலிலேயே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டை சிவந்து வீங்கியிருந்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் வேறெப்படிச் சொல்வான்?

தாய்ப்பாசத்தின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். ஏதேனும் எறியத் தோன்றும்போதெல்லாம் ‘நாயை பால்கனியிலிருந்து எறியாதே’ என்று தனக்கே சொல்லிக்கொண்ட சிறுவனைப் பற்றியும், பொம்மை நாயை எறிந்த அவனை முன்பு அவன் தாய் கண்டித்த சொற்களே அவை என்பதையும் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1946-லேயே எழுதியிருப்பது தாங்கள் அறியாததல்ல. உடனுக்குடன் திருப்பிச் சொல்லும் பேச்சைக் குழந்தைகளின் மொழியை ஆய்ந்த பாரி பிரிசான்ட்டும் ஜூடித் டூக்கனும் 1981-இல் ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஆமாம் என்பதும், வேண்டுமென்று கேட்பதும், தன்னைத்தானே அடக்கிக்கொள்வதும் அவற்றுள் உண்டு. எல்லாமே செய்தி என்று நானும் சொல்லவில்லை. சில சொற்களை வாய்க்கு இதமாக இருப்பதாலேயே சொல்கிறான்.

‘உன் பேர் என்ன?’ என்ற ஆசிரியையிடம் ‘உன் பேர் என்ன?’ என்றதற்கு, ‘கேலி செய்கிறான்’ என்று டைரியில் சிவப்பு மையால் எழுதி அனுப்பியது ஒரு பள்ளி. திருப்பிச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்றது ஒரு பயிற்சி நிலையம். இரண்டே மாதத்தில் அவன் வாயே திறக்கவில்லை. அதை ‘நல்ல முன்னேற்றம்’ என்று அறிக்கையில் எழுதிக் கட்டணமும் பெற்றுக்கொண்டார்கள். இப்போது தங்கள் கட்டுரையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் நாத்தனார் அனுப்பியிருக்கிறார்.

அடுத்த இதழில் ‘பொருளற்ற’ என்ற அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற்று இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.