விளக்கை அணைத்துவிட்டுப் போனவருக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

1998 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பான ஒரு எபிசோடுக்கு இப்போது உட்கார்ந்து நன்றி எழுதுகிறேன். தாமதம்தான். ‘பாபிலோன் 5’ என்ற விண்வெளி நிலையத்தில் நடக்கும் அதே பெயருள்ள அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரை நான் பார்த்து முடித்ததே போன மாதம்தான். முடித்த கையோடு எழுதினால் வெறும் புலம்பலாகப் போய்விடும் என்று கொஞ்ச நாள் ஆறப்போட்டேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைப் போட்டு உடைக்காமல் இந்த நன்றியைச் சொல்ல வழியில்லை.

முதல் நன்றி ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கிக்கு. தொலைக்காட்சித் தொடர் என்றால் வாரம் ஒரு கதை, அடுத்த வாரம் எல்லாம் மறந்துபோகும் என்றிருந்த காலத்தில், ஐந்து வருஷத்துக்கு ஒரே கதை சொல்கிறேன் என்று கிளம்பியவர். மொத்தம் 110 எபிசோடுகளில் 92-ஐ அவரே எழுதினார். மூன்றாவது, நான்காவது சீசன்களில் வேறு யார் கையும் படவில்லை. அந்த மனிதருக்குத் தூக்கம் என்று ஒன்று இருந்ததா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

நான்காவது சீசன் நடக்கும்போது தொடரை ஒளிபரப்பிய பிடென் என்ற கூட்டமைப்பு கலைந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வருஷம் கிடைக்காது என்றே எல்லாரும் நினைத்தார்கள். கதையை அந்தரத்தில் விட்டுப் போக மனமில்லாமல், மீதிக் கதையை நெருக்கிச் சொல்லி, கடைசி எபிசோடான ‘ஸ்லீப்பிங் இன் லைட்’டையும் படம் பிடித்து வைத்துவிட்டார் ஸ்ட்ராசின்ஸ்கி. தொடரில் அவர் இயக்கிய ஒரே எபிசோடும் அதுதான். அப்புறம் டிஎன்டி தொலைக்காட்சி வந்து ஐந்தாவது சீசனுக்குச் சரி என்றது. படம் பிடித்த அந்தக் கடைசி எபிசோடை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நான்காவது சீசனுக்கு வேறு ஒரு கடைசி எபிசோடை எழுதிச் சேர்த்தார்கள். நடிகர்கள் ஒருவரையொருவர் வழியனுப்பி அழுது முடித்துவிட்டு, மறுபடி வந்து ஒரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார்கள். டிஎன்டியில் அந்தக் கையெழுத்தைப் போட்டவர் யாராக இருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.

அப்படி அவசரமாகச் சேர்த்த எபிசோடின் முடிவில் ஒரு சமர்ப்பணம் வரும். இந்தத் தொடர் தேறாது என்று ஆரூடம் சொன்ன அத்தனை பேருக்கும் காணிக்கை என்று போட்டிருப்பார்கள். இவ்வளவு மரியாதையாக யாரையும் குத்திக்காட்டி நான் பார்த்ததில்லை. அந்த ஆரூடக்காரர்களுக்கும் என் பங்குக்கு ஒரு கும்பிடு. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இவர்களுக்கு அந்த வீம்பு வந்திருக்குமா தெரியாது.

சரி, அந்தக் கடைசி எபிசோட். கதையில் அது 2281-ஆம் வருஷம். நிலையத்தின் தளபதியாக இருந்து, செத்துப் பிழைத்த ஷெரிடனுக்கு லோரியன் என்ற ஆதி வேற்றுலகவாசி கொடுத்த இருபது வருஷம் தீரப்போகிறது. நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் பழைய நண்பர்களுக்கு ஆள் அனுப்புகிறார். மேஜைக்குப் பின்னால் முடங்கிப்போன தளபதி இவனோவா, செவ்வாயில் குடும்பமும் தொழிலுமாக இருக்கும் கரிபால்டி, டாக்டர் ஃப்ராங்க்ளின், இப்போது சென்டாரி என்ற இனத்துக்குப் பேரரசராகிவிட்ட நம் வீர். எல்லாரும் ஷெரிடனும் மனைவி டெலெனும் வாழும் மின்பார் கிரகத்தில் கூடுகிறார்கள். ஒரு விருந்து. சண்டை இல்லை, வில்லன் இல்லை, வெடிகுண்டை நிறுத்தக் கடைசி நொடிவரை ஓடும் கடிகாரம் இல்லை.

என் அம்மா அந்த நேரத்தில்தான் கூடத்துக்கு வந்தார். தொடரில் ஒரு காட்சிகூட முன்பின் பார்த்தவரில்லை. கையில் கீரை, மடியில் தாம்பாளம். ஆய்ந்துகொண்டே ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றார். அந்தத் தாடிக்காரர் சாகப்போகிறார் என்றேன். “சாகப்போறது தெரிஞ்சு எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு சோறு போடுறானா? நல்ல மனுஷன்டி” என்றவர், கீரையை அப்படியே வைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தார். ஐந்து சீசன் பார்த்துவிட்டு நான் பத்தி பத்தியாக எழுதுவதை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அந்த விருந்தில் வீர் ஒரு கதை சொல்வார். பாக்மரா என்ற இனத்தாரைத் தொடர் முழுக்க யாரும் கிட்டே சேர்க்க மாட்டார்கள். அழுகல் தின்பவர்கள், நாற்றம் பிடித்தவர்கள். ஒருநாள் வீரும், அவர் முன்பு உதவியாளராக இருந்த சென்டாரித் தூதர் லோண்டோவும் போகிற வழியில் அவர்கள் பாடுவது காதில் விழுகிறது. லோண்டோவின் கண்ணில் நீர். எங்கள் தெய்வங்களில் ஒன்றையும் நான் நம்பியதில்லை, ஆனால் ஒன்றே ஒன்றாவது நிஜமாக இருக்குமானால் அது இந்தக் குரலில்தான் பாடும் என்கிறார் அந்த மனிதர். லோண்டோவாக நடித்த பீட்டர் ஜுராசிக் இந்த எபிசோடில் இல்லவே இல்லை. பாக்மராக்களின் பாட்டும் நம் காதில் விழாது. வீராக நடித்த ஸ்டீஃபன் ஃபர்ஸ்ட்டின் முகம் மட்டும்தான். கேட்காத பாட்டை இரண்டு கண்ணால் கேட்க வைத்ததற்கு அவருக்கு நன்றி.

அப்புறம் கோப்பையைத் தூக்கி, வர முடியாமல் போனவர்களின் பெயரைச் சொல்கிறார்கள். ஜி’கார், லோண்டோ, லெனியர், மார்க்கஸ். இந்த இடத்தில்தான் நான் உடைந்தேன், காரணம் கதை மட்டுமில்லை. அந்த மேஜையைச் சுற்றி ஆறு பேர். ஃப்ராங்க்ளினாக நடித்த ரிச்சர்ட் பிக்ஸ் 2004-லேயே போய்விட்டார். கரிபால்டியாக வந்த ஜெரி டாயில் 2016-ல். ஸ்டீஃபன் ஃபர்ஸ்ட் 2017-ல். டெலெனாக வந்த நம் மீரா ஃபர்லான் 2021 ஜனவரியில். ஜி’கார் என்று யாருடைய நினைவில் குடித்தார்களோ அந்த ஆண்ட்ரியாஸ் கட்சூலாஸ் 2006-ல். 1998-ல் பார்த்தவர்களுக்கு அது ஒரு காட்சி. இன்று பார்க்கிற எனக்கு அது வேறு ஒன்று. நடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் தெரிந்து செய்த மாதிரியே செய்திருக்கிறார்கள்.

மீரா ஃபர்லானுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போரில் பிளந்துகொண்டிருந்த யுகோஸ்லாவியாவை விட்டு 1991-ல் அமெரிக்கா போனவர். குரோஷியாவின் ஜாக்ரெபிலும் நடித்தேன், செர்பியாவின் பெல்கிரேடிலும் நடித்தேன் என்பதற்காக வசவு வாங்கியவர். அவருக்குக் கிடைத்த வேடமோ இரண்டு இனங்களுக்கு நடுவே நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் டெலென். விடியுமுன் ஷெரிடன் கிளம்பும்போது இருவரும் ‘போய் வருகிறேன்’ என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை. தூங்கப் போகிறவர்களைப் போல இரவு வணக்கம் சொல்லிப் பிரிகிறார்கள். அதில் மீராவின் குரல் ஒரு இடத்திலும் நடுங்காது. நடுங்கியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மைக்கேல் ஓ’ஹேருக்குச் சொல்ல வேண்டிய நன்றிதான் எனக்குக் கஷ்டமானது. முதல் சீசனின் தளபதி சின்கிளேர். மரக்கட்டை மாதிரி நடிக்கிறார் என்று அந்தச் சமயத்தில் நிறையப் பேர் சொன்னதுண்டு. அந்த சீசன் படப்பிடிப்பின்போதே அவர் கடுமையான மனநோயோடு போராடிக்கொண்டிருந்தார். சில மாதம் படப்பிடிப்பை நிறுத்திவைக்கிறேன், சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்ட்ராசின்ஸ்கி சொல்லியும், அதனால் மற்றவர்கள் பிழைப்பு போய்விடும் என்று மறுத்து, சீசனை முடித்துக் கொடுத்துவிட்டு விலகினார். மூன்றாவது சீசனில் திரும்பி வந்து தன் பாத்திரத்தின் கதையையும் முடித்துக் கொடுத்தார். விஷயத்தை வெளியே சொல்லவே மாட்டேன் என்று ஸ்ட்ராசின்ஸ்கி வாக்குக் கொடுத்தபோது, நான் சாகிறவரை வைத்திருந்தால் போதும், பிறகு சொல்லுங்கள், யாருக்காவது உதவும் என்றாராம். 2012-ல் அவர் காலமானார். 2013-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு வேலையிடத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் இப்படி நடந்துகொண்டார்கள் என்பதை நினைத்தால், தொடரில் வரும் தியாகக் காட்சிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றுவதில்லை.

கணினியில் விண்வெளியை வரைந்தவர்களுக்கு: சிறிய மாதிரிகளைச் செய்து படம் பிடிப்பதே வழக்கமாக இருந்த நேரத்தில், ரான் தார்ன்டனும் ஃபவுண்டேஷன் இமேஜிங் ஆட்களும் அமிகா கணினிகளை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். இன்றைய கண்ணுக்குப் பழசாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டார்ஃப்யூரி விமானங்கள் ஓடுகிற ஓட்டத்திலேயே உடம்பைத் திருப்பிப் பின்னால் சுடும்போது நியூட்டன் விதி மீறப்படுவதில்லை. இயற்பியல் நடத்துகிறவள் நான், பத்தாம் வகுப்புக்கு அந்தக் காட்சியைப் போட்டே பாடம் எடுக்கலாம். இசையமைத்த கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கேவுக்கும் நன்றி. கடைசிப் பத்து நிமிஷத்தில் பாதி வேலை அவருடையது.

அந்தக் கடைசிப் பத்து நிமிஷம். ஐந்து மைல் நீளம், இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த நிலையம். எத்தனை போர் பார்த்தது! கடைசியில் அதைச் சாய்ப்பது எதிரி இல்லை, பட்ஜெட். பல கிரகங்களின் கூட்டணி வேறு இடத்துக்குப் போய்விட்டது, பூமி செலவைக் குறைக்கிறது, சும்மா விட்டால் போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஆகவே தகர்த்துவிடலாம். எந்த அரசாங்க அலுவலகத்துக்கும் பொருந்துகிற காரணம். எல்லாரும் வெளியேறிய பிறகு ஒரு தொழிலாளி மட்டும் நின்று விளக்குகளை அணைத்துவிட்டுப் போகிறார். அந்தத் தொழிலாளியாக வருவது ஸ்ட்ராசின்ஸ்கியேதான். பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு இது தெரியும், தெரிந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி போய்ப் பார்த்தேன். வசனமே இல்லை. கட்டியவனே கடைசியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறான்.

குறையே இல்லையா என்றால், உண்டு. முதுமை ஒப்பனை சுமார் ரகம். ஐந்தாவது சீசனின் முதல் பாதியில் மனதைப் படிக்கத் தெரிந்த பைரனும் அவர் கூட்டமும் பாட ஆரம்பித்தால் நான் துணி மடிக்கப் போய்விடுவேன். கடைசி எபிசோடை முன்பே படம் பிடித்துவிட்டதால் ஐந்தாவது சீசனில் வந்த தளபதி லாக்லி அதில் இல்லவே இல்லை. லாக்லியாக நடித்த டிரேசி ஸ்காகின்ஸுக்கு அது நியாயமில்லை. அதே காரணத்தால்தான், ஐந்தாவது சீசனுக்கு முன்பே விலகிப்போன இவனோவாவாக நடித்த கிளாடியா கிறிஸ்டியன் கடைசியில் இருக்கிறார், அவர் குரலில்தான் கதையே முடிகிறது. இவனோவா இல்லாத ஒரு முடிவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தக் கணக்கில் லாபமே அதிகம்.

கடைசியாக, பெயர் சொன்னால் கூச்சப்படுகிற சிலர். “முதல் சீசனைப் பல்லைக் கடிச்சிட்டுப் பாருங்க டீச்சர், அப்புறம் எனக்கு நன்றி சொல்லுவீங்க” என்ற எங்கள் கணினி ஆய்வக உதவியாளர் தம்பி: இதோ சொல்லிவிட்டேன். ஷெரிடன் முதல் தடவை செத்தபோது நான் போட்ட குறுஞ்செய்திகளுக்கெல்லாம் வாயைத் திறக்காமல் வெறும் சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பியதற்கு இரட்டை நன்றி. நான் டிவி முன்னால் உட்கார்ந்த மாலைகளில் தோசைக்கல்லை எடுத்துக்கொண்ட வீட்டுக்காரருக்கு நன்றி. அவருக்கு வேற்றுக்கிரகம் என்றாலே கொட்டாவி வரும், ஆனாலும் ஒருநாள்கூட முணுமுணுத்ததில்லை.

கனடாவிலிருந்து வரும்போது ஐந்து சீசன் டிவிடிகளையும் பெட்டியில் சுமந்து வந்து, “படிச்சிட்டுக் குடு” என்று புத்தகம் தருவதைப் போலத் தந்துவிட்டுப் போன பெரியப்பா மகனுக்கும் நன்றி. அண்ணா, அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாய். அம்மா இப்போது முதல் சீசனிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் பார்க்கமாட்டேன் என்கிறார். கணக்குப் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை