பேரனின் காருக்கு எந்த ட்ரான்ஸ்மிற்றர்?

கிளிநொச்சி

அன்பின் மகளுக்கு,

யூலை லீவுக்கு வரும்போது பேரனின் றிமோட் காரையும் கொண்டுவருவதாகச் சொன்னாய். கார் வரட்டும். ஆனால் கையில் பிடிக்கிற ட்ரான்ஸ்மிற்றரைப் பெட்டிக்குள் வைக்க முதல், திருப்பிப் பார்த்து அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசி.

அதில் 75 மெகாஹேர்ட்ஸ் என்றிருந்தால் அதை அங்கேயே விட்டுவிடு. அது கனடாவிலும் அமெரிக்காவிலும் தரையில் ஓடும் மொடல் வண்டிகளுக்கு ஒதுக்கிய அலைவரிசை. பறப்பவற்றுக்கு அங்கே 72. இங்கிலாந்தில் காருக்கு 40, விமானத்துக்கு 35. இப்படி ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குப் பிரித்து வைத்திருக்கிறது, ஒரு நாட்டின் அனுமதி அடுத்த நாட்டில் செல்லாது. பழைய 27 மெகாஹேர்ட்ஸ் செற்றும் வேண்டாம். அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிறிஸ்டல் ஒன்றாகவே உள்ள இரண்டு கார் ஒரு மைதானத்தில் நின்றால் ஒன்று மற்றதைக் குழப்பும்.

வாங்குவதென்றால் 2.4 கிகாஹேர்ட்ஸ் வாங்கு. வைஃபையும் புளூரூத்தும் ஓடுகிற அதே பட்டைதான், 2400 முதல் 2483.5 மெகாஹேர்ட்ஸ் வரை. ட்ரான்ஸ்மிற்றர் அதற்குள் ஒரே இடத்தில் நில்லாமல் துள்ளித் துள்ளி மாறும்; காருக்குள் இருக்கும் றிசீவர் தன்னோடு இணைத்த ட்ரான்ஸ்மிற்றரின் அடையாள எண்ணுக்கு மட்டும் கீழ்ப்படியும். அதனால்தான் பத்துப் பேர் ஒன்றாக ஓட்டலாம். அலை வீசும் பலம் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஐரோப்பிய வரம்பும் அதுதான். சில செற்றில் நாடு தெரிவு செய்யும் மெனு உண்டு. அதில் ஐரோப்பாவை வைத்துவிடு.

மருமகன் பார்த்துவைத்திருக்கிற 915 மெகாஹேர்ட்ஸ், ஒரு வாட் மொடியூல் (ட்ரான்ஸ்மிற்றரில் பூட்டும் அலை வீசும் பகுதி) வேண்டவே வேண்டாம். இங்கே கைத்தொலைபேசிகள் 900 பட்டையில் பேசுகின்றன, அது போய் அதன் பக்கத்தில் விழும். தூரத்திலும் நினைக்கிற அளவு லாபம் இல்லை: பலத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் வெட்டவெளியில் தூரம் மூன்று மடங்குதான் கூடும். நூறு மீற்றருக்கு அப்பால் காரின் முகம் எந்தப் பக்கம் என்றே கண்ணுக்குத் தெரியாது, பிறகெதற்கு அவ்வளவு?

பெட்டியில் அமெரிக்காவின் எஃப்சிசி, ஐரோப்பாவின் சிஇ என்று அச்சிட்டிருப்பது அந்த நாடுகளுக்கான சோதனையைத்தான் சொல்லும். இங்கே 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. அலை வீசும் எந்தக் கருவிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுதான் பொறுப்பு. மொடல் இலக்கம், அலைவரிசை, பலம், சோதனை அறிக்கையின் பிரதி ஆகியவற்றை வைத்து இப்போதே ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கு. அந்தப் பதிலையும் வாங்கிய பில்லையும் செற்றோடு வைத்துக்கொண்டு வா. போர்க்காலத்தில் பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்த மண் இது. றேடியோச் சாமான் என்றால் யாராவது கேள்வி கேட்பார்கள், காட்டுவதற்குக் கடதாசி கையில் இருக்கட்டும்.

காரின் லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி கைப்பையில்தான் வரவேண்டும். 7.4 வோல்ட், 5000 மில்லி அம்பியர் மணி என்றால் 37 வாட் மணி. விமானத்தில் 100 வரை விடுவார்கள். முனைகளுக்கு ரேப் ஒட்டு.

இனி நீ அங்கேயே செய்து முடிக்க வேண்டியது ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் றிசீவர் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் அது. மலிவான சில றிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்கும்; முழு வேகத்தில் போனது அப்படியே போய்விடும். அங்கே வேலியில் முட்டி நிற்கும். இங்கே பற்றைக்குள் இறங்கும், பிள்ளையும் பின்னால் ஓடுவான். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி எடுக்க எத்தனை வருடம் போனது என்று உனக்குத் தெரியும். வழக்கமாக ஆளும் மாடும் நடமாடாத இடத்தில் கார் விழுந்தால் அது போகட்டும், எடுக்கப் போகக்கூடாது என்று இப்போதே அவனுக்குச் சொல்லிவை.

செய்கிற விதம் இதுதான். வேகம் கொடுக்கும் ட்றிகரை நடுநிலையில் விட்டு, ஃபெயில்சேஃப்பை அந்த நிலையிலேயே பதி. காரை ஒரு கல்லின்மேல் வைத்துச் சில்லுகளைத் தரையில் படாமல் தூக்கு. பாதி வேகம் கொடுத்தபடி ட்ரான்ஸ்மிற்றரை நிறுத்து. சில்லு உடனே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் திரும்பப் பதி, அப்போதும் நிற்காவிட்டால் றிசீவரை மாற்று. ஓட்டும்போது முதலில் ட்ரான்ஸ்மிற்றரைப் போட்டுப் பிறகு காரைப் போடவேண்டும். நிறுத்தும்போது கார் முதலில்.

றிசீவர் வயரின் நுனியில் உறை நீக்கிய 31 மில்லிமீற்றர்தான் அன்ரெனா. அதை வெட்டாதே, சுருட்டாதே. பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு நிமிர்த்தி, மோட்டருக்கும் பற்றரிக்கும் தள்ளி வை. அது படுத்துக் கிடந்தால் செற் எவ்வளவு நல்லதானாலும் முப்பது மீற்றரில் திக்கும்.

யூலையில் இங்கே சோளகம் அடிக்கும், செம்மண் தூசி எங்கும் ஏறும். ட்றிகருக்குள் தூசி போனால் கை எடுத்த பிறகும் கார் மெல்ல நகரும். ஓட்டி முடிந்ததும் பொலித்தீன் பையில் போட்டு வைக்கவேண்டும்.

லேபிளைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா