வானத்து எண்களும் நம் மாணவர்களும்

ஐயா,

விண்வெளித் தொலைநோக்கி என்றாலே வண்ணப் படங்கள்தான் செய்தியாகின்றன. படங்கள் அழகு, சரி. ஆனால் ஆராய்ச்சியில் பெரும்பகுதி எண்களில்தான் நடக்கிறது.

2009இல் ஏவப்பட்ட நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி, நான்கு ஆண்டுகள் வானத்தின் ஒரே பகுதியைப் பார்த்தபடி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியை அரை மணிக்கொரு முறை அளந்தது. கோள் ஒன்று தன் விண்மீனின் குறுக்கே போனால் அந்த ஒளி கொஞ்சம் குறையும். வியாழன் அளவுக் கோள் என்றால் நூற்றில் ஒரு பங்கு. பூமி அளவு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால், வரிசையாகப் போகும் புள்ளிகள் ஓரிடத்தில் பள்ளம் விழுந்து மறுபடி மேலேறும். அது கோள்தான் என்றால் அதே பள்ளம் சீரான இடைவெளியில் திரும்ப வரவேண்டும். என் மாணவி ஒருத்தி மூன்றாவது பள்ளத்தைக் கண்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். ஏற்கெனவே அறியப்பட்ட கோள்தான், அதனால் என்ன!

இந்தத் தரவுகள் இணையத்தில் இலவசம். நான்கு சூரியன்கள் கொண்ட அமைப்பில் ஒரு கோளை 2012இல் முதலில் கவனித்தவர்கள் தன்னார்வலர்களே. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டின் தரவுகளையும் இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது.

ஆனால் இவற்றை எங்கே எடுப்பது, எப்படி வரைவது என்று தமிழில் படிப்படியாகச் சொல்லும் எழுத்து மிகக் குறைவு. கிராமத்துக் கல்லூரி மாணவர்கள் முதல் பக்கத்து ஆங்கிலத்திலேயே மிரண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்கள் அறிவியல் பக்கத்தில் வாரம் ஒரு பத்தி இதற்கு ஒதுக்குங்கள். எழுதித் தர நானும் தயார்.

இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல்