சீதன வீட்டுக்காக வயல விக்கிறதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில இருந்து எழுதுறன், வயசு 58, உங்கட பேப்பர கனகாலமா வாசிக்கிறன் ஆனா எழுதுறது இதுதான் முதல் தடவ. ரெண்டு மாசமா எங்கட குடும்பத்துக்குள்ள ஒரே கதைதான், வயல விக்கிறதா வேணாமா எண்டு.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால எட்டு ஏக்கர், மானாவாரி, மாரிப்போகம் மட்டும்தான். பெத்தாவுக்கு அவட தாய் குடுத்த சீதனம், அத பெத்தா 1966ல எங்கட அம்மாவுக்குக் குடுத்தா. எங்கட பக்கத்தில வீடும் வயலும் பொம்புளப் புள்ளைக்குத்தானே இறங்கி வரும். இப்ப தங்கச்சிட மகளுக்கு கலியாணம் பேசியிரிக்கு, நல்ல பொடியன், கவுண்மென்ட் உத்தியோகம், அவங்க கேக்கிறது டவுன் பக்கம் ஒரு வீடு. தங்கச்சிட கையில அவ்வளவு சல்லி இல்ல. கட்டார்ல இரிக்கிற தம்பி சொல்றான், "அக்கா, ஒவ்வொரு மாரிக்கும் நான்தான் சல்லி அனுப்புறன், ஒண்டும் திரும்பி வாறதில்ல, வித்துப்போட்டு புள்ளைக்கு வீட்டக் கட்டிக் குடுப்பம்" எண்டு.

அவன்ட கணக்கு பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். 2021ல இரசாயன உரத்த நிப்பாட்டின நேரம் பயிர் மஞ்சளிச்சு நிண்டத நான் வரம்புல நிண்டு பாத்தவ, 2024 கார்த்திகை வெள்ளத்தில விதைச்சது அழுகி திரும்ப விதைச்சம், யானைக் காவலுக்கு வேற ஆள் வேணும். 2025 மாசியில அரசாங்கம் 'நாடு' எண்ட வகை நெல் கிலோ 120 ரூபா எண்டு சொன்னதுதான், ஆனா அது ஈரப்பதம் 14 வீதத்துக்கு காயவெச்ச நெல்லுக்கு. வெட்டு மிசின் வட்டைக்குள்ள, அதான் வயல்வெளிக்குள்ள, இறங்கினா எல்லாரும் ஒரே கிழமையிலதான் வெட்டுறாங்க, காயப்போட களம் இல்ல, ரோட்டுல இடம் பிடிக்கவே சண்டை, வானம் இருண்டா கையும் ஓடாது காலும் ஓடாது, கடைசியில ஈர நெல்ல வயல்லயே வியாபாரிட லொறிக்கு ஏத்துறதுதான், அவர் சொன்னதுதான் விலை.

ஆனா நான் வேறயும் பாத்திரிக்கன். 1978 சூறாவளி அடிச்ச நேரம் எனக்கு 11 வயசு, வீட்டுக் கூரையும் தென்னையும் போச்சு, வயல்ல சின்னப் பயிர் தப்பி நிண்டிச்சு. 2007ல சண்டையால ஆத்துக்கு அங்கால, வயல் பக்கம் இரிக்கிற படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து வந்த நேரம் வயலப் போய்ப் பாக்கவும் ஏலாம இருந்தம், அப்பவும் விக்கல்ல. சுனாமியில கடற்கரைப் பக்கம் இருந்த எங்கட வீடு அத்திவாரத்தோட போயிட்டு, ஆத்துக்கு அங்கால வேளாம அப்படியே நிண்டிச்சு. மண்முனைப் பாலம் 2014லதானே வந்த, அந்த நேரம் பாதையில, அதான் ஆத்தக் கடக்கிற மிதவையில, மூடைய ஏத்தி இஞ்சால கொண்டு வந்து நாலு குடும்பம் அந்த நெல்லத்தான் திண்டம் ஐயா. வீடு போனா திரும்ப கட்டினது அந்த வயல வெச்சுத்தான். இப்ப வீடு கட்ட அந்த வயலயே குடுக்கச் சொல்றாங்க.

இன்னொண்டு, எட்டில ஐந்துதான் உறுதிக் காணி, மூண்டு அரசாங்கம் பேர்மிட்டுல குடுத்த காணி. பேர்மிட்ட பிரதேச செயலகத்துட அனுமதி இல்லாம விக்க ஏலாது, வாங்க வாறவரும் உறுதிக் காணியத்தான் கேக்கிறார். அத குடுத்தா பின்னால கிடக்கிற மூண்டுக்கு மிசின் போற வழி எங்க, தண்ணி வடியிற வாய்க்கால் எங்க? தம்பிக்கு இத சொன்னா அதெல்லாம் பிறகு பாப்பம் எண்றான். எங்கட வயல் வேலையப் பாக்கிற முல்லைக்காரர் 25 வருசமா அந்த வட்டையிலதான், அவரிட்ட இன்னும் ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல்ல.

முந்தி எங்கட ஊருல கலியாணம் பேசினா முதல் கேள்வி எத்தின ஏக்கர் எண்டுதான். இப்ப வயல் எண்டு சொன்னா மாப்பிள்ள வீட்டார் முகத்த திருப்புறாங்க. எங்கட தெருவிலயே ரெண்டு குடும்பம் இப்பிடித்தான் வித்தது. நான் சொல்றது இதுதான், ரெண்டு ஏக்கர புள்ளைட பேருக்கு உறுதி எழுதுவம், அம்மாட வளவுக்குள்ள சின்னதா ஒரு வீடு, மிச்சத்த முல்லைக்காரருக்கே குத்தகைக்கு குடுப்பம், தம்பி சல்லி அனுப்பத் தேவையில்ல. மாப்பிள்ளைட தாயிட்ட இத நானே போய் கதைக்கப் போறன், தங்கச்சி கோவிச்சாலும் சரி.

அம்மா ஒண்டும் பேசுறா இல்ல. உறுதி அவட பேர்ல. பேத்திட கலியாணம் எண்டதால கையெழுத்துக் கேட்டா போட்டுக் குடுத்துருவா, அதுதான் எனக்கு நித்திர இல்லாம இரிக்கு.

குத்தகைய எழுத்தில குடுத்தா காணி திரும்பி வராது எண்டு சில ஆக்கள் பயப்படுத்துறாங்க. கமநல சட்டம் தெரிஞ்ச ஒரு சட்டத்தரணியக் கொண்டு இதப்பத்தி உங்கட பேப்பர்ல விளக்கமா எழுத வையுங்க ஐயா. வீட்டுக்குப் பதிலா வயலக் குடுத்து கலியாணம் முடிச்ச குடும்பம் ஆரும் இரிந்தா அவங்களும் எழுதட்டும். தைப்பொங்கல் முடிய தம்பி லீவில வாறான், அதுக்கு முன்னுக்கு வந்தா பெரிய உதவி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆரையம்பதி